மூன்றாங்கட்டில் நெட் வரவில்லை: நெட்வொர்க்கிங் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

கானாடுகாத்தானில் ஒரு வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று நீண்டுகொண்டே போகும். முகப்பில் நின்று கூப்பிட்டால் அடுப்படியில் கேட்காது. அந்த வீட்டு ஆச்சி ஒரு நாள் போன் செய்தார்.

"தம்பி, பேரன் சிங்கப்பூர்லேருந்து வீடியோவுல வர்றான். முகப்புல உக்காந்தா முகம் பளிச்சுன்னு தெரியுது. மூணாங்கட்டுக்குப் போனா ஒரு நேரம் வருது, ஒரு நேரம் வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது. கோடு என்னமோ பூராவும் நிக்குதப்பா."

அப்போது நான் காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஒரு கடையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் முன்னால்தான் நெட்வொர்க்கிங் சான்றிதழ்த் தேர்வு எழுதித் தோற்றிருந்தேன். நெட்வொர்க் வேலையை ஏழு அடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே எப்படிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அந்த வீட்டுக் கோளாறைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. கண்டுபிடித்த பிறகு யோசித்தால், தேர்வில் நான் முழித்த கேள்விகளில் பாதி அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே இருந்தது. கோளாறு என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்குள் நீங்களே ஊகித்துவிட்டால் படிப்பு சரியாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பி.காம் படித்தவரோ, பாலிடெக்னிக் முடித்தவரோ, பிளஸ் டூவோடு நின்றவரோ, யாருக்கும் இது பொருந்தும். கூட்டல் கழித்தல் தெரிய வேண்டும், ஒரு பழைய லேப்டாப் வேண்டும், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வேண்டும். நான்கு, ஐந்து மாதம் ஆகும். 30 நாளில் முடித்துத் தருகிறோம் என்கிற விளம்பரத்தைப் பார்த்தால் அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள்.

எந்தத் தேர்வு என்ற கேள்வி

மூன்று பெயர்கள் காதில் விழும். காம்ப்டியா நிறுவனத்தின் நெட்வொர்க் பிளஸ், சிஸ்கோவின் சிசிஎன்ஏ, அதே சிஸ்கோவின் சிசிஎஸ்டி. கடைசியாகச் சொன்னது மிகச் சின்னது, நுழைவாசல் மாதிரி. நெட்வொர்க் பிளஸ் எந்தக் கம்பெனிக் கருவியையும் சாராதது. 2024இல் வந்த என்10-009 என்ற பதிப்பில் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி, தேற 900க்கு 720 வேண்டும். சிசிஎன்ஏவுக்கு 200-301 என்று எண், 120 நிமிடம். சிஸ்கோ கருவிக்குக் கட்டளை கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் ஒரு படி கடினம். சிசிஎன்ஏ, நெட்வொர்க் பிளஸ் இரண்டும் மூன்று ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

என் அபிப்பிராயம் கேட்டால், நம் பக்கத்து வேலை விளம்பரங்களில் அதிகம் கண்ணில் படுவது சிசிஎன்ஏ. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு உதவி மையம் நடத்துகிறவர்கள் நெட்வொர்க் பிளஸைக் கேட்கிறார்கள். ஆனால் முதல் இரண்டு மாதம் படிக்க வேண்டியது இரண்டுக்கும் ஒன்றேதான். அதனால் இப்போதைக்குத் தேர்வின் பெயரையே மறந்துவிடுங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள்: இரண்டு நிறுவனங்களும் பாடத்திட்டத்தை இலவசமாகத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. அதை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, புரிந்ததை மட்டும் பேனாவால் அடித்துக்கொண்டு வாருங்கள். படித்தது வேறு, புரிந்தது வேறு.

பணம் கட்டித்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. நெட்வொர்க் பிளஸுக்கு ப்ரொஃபசர் மெஸ்ஸர், சிசிஎன்ஏவுக்கு ஜெரெமிஸ் ஐடி லேப் என்று யூடியூபில் முழுப் பாடமும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம்தான், ஆனால் நிதானமான ஆங்கிலம். வேகத்தை முக்காலாகக் குறைத்துக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் தோற்றதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நான் சேர்ந்த ஒரு பயிற்சி மையத்தில் பாடம் நடத்தியது கொஞ்சம், "இதுலேருந்துதான் வரும்" என்று கொடுத்த கேள்வித்தாள் கட்டு நிறைய. அதை டம்ப்ஸ் என்பார்கள். மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கேள்வியில் ஒரு எண்ணை மாற்றிப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான், கவிழ்ந்தேன். டம்ப்ஸ் வைத்துப் படிப்பது தேர்வு விதிக்கும் புறம்பு, தெரிந்தால் சான்றிதழையே பறிக்கலாம்.

முதல் வாரம்: உங்கள் வீட்டு விலாசம்

புத்தகத்தைத் திறக்க வேண்டாம். லேப்டாப்பை வீட்டு வைஃபையில் சேர்த்து, விண்டோஸில் சிஎம்டி என்ற கறுப்புத் திரையைத் திறங்கள். அதில் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடியுங்கள். எழுத்துகள் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி. இடைவெளி விட்டு ஒரு சாய்கோடு போட்டு ஆல் என்றும் சேர்த்தால் முழு விவரமும் கொட்டும். பயந்துவிடாமல் ஐந்து வரியை மட்டும் நோட்டில் எழுதுங்கள்: மேக் முகவரி, ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் சர்வர். இந்தப் படிப்பின் பாதி அந்த ஐந்து வரிக்கு விளக்கம்தான்.

மேக் முகவரி கருவியோடு பிறந்தது, தொழிற்சாலையிலேயே பொறித்து வருவது, 48 பிட். பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒரே ஓர் இலக்கம். ஐபி முகவரி இருக்கும் இடத்தைப் பொறுத்துக் கிடைப்பது, 32 பிட். இதே லேப்டாப்பைத் தேவகோட்டையில் அத்தை வீட்டுக்குத் தூக்கிப் போனால் ஐபி மாறும், மேக் அப்படியே இருக்கும்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஐபி முகவரியைப் புரியவைப்பது சுலபம். கொண்டுவிக்கப் போனவர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் கடை போட்டபோது, குடும்பத்து முதலெழுத்துகளைக் கோத்து ஒரு தொடர் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பெயரே விலாசம். முன்னெழுத்துகளைப் பார்த்ததும் எந்த வீட்டுக் கடை என்று தெரிந்துவிடும், கடைசிப் பெயரைப் பார்த்தால்தான் ஆள் யார் என்று தெரியும். 192.168.1.23 என்பதும் அப்படித்தான். முன்பகுதி வீட்டைச் சொல்கிறது, கடைசி 23 அந்த வீட்டுக்குள் இருக்கும் ஒரு புள்ளியை, அதாவது ஒரு கருவியைச் சொல்கிறது. எதுவரை வீடு, எங்கிருந்து புள்ளி என்று கோடு போட்டுக் காட்டுவது சப்நெட் மாஸ்க். 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்கள் வீடு.

உங்கள் ஐபி 192.168 என்றோ 10 என்றோ தொடங்குகிறதா? 172.16 முதல் 172.31 வரையிலும் இருக்கலாம். இவை வீட்டுக்குள் மட்டும் புழங்கும் தனி முகவரிகள். பக்கத்து வீட்டிலும் இதே எண் இருக்கும், தப்பில்லை. ஐபி நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான், உலகத்துக்குப் போதாது. அதனால் வீட்டிலிருந்து வெளியே போகும்போது ரூட்டர் தன் பொது முகவரியைப் போட்டு அனுப்பிவிட்டு, பதில் வந்ததும் யார் கேட்டது என்று பார்த்து உள்ளே கொடுக்கும். இந்த வேலைக்கு நாட் என்று பெயர். 169.254 என்று தொடங்கும் எண் கண்ணில் பட்டால், முகவரி கொடுக்க வேண்டியவர் கொடுக்கவில்லை, கருவி தானாக ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அர்த்தம். தேர்வில் இது கட்டாயம் வரும். வேலையில் அதைவிடக் கட்டாயம் வரும்.

முகவரி கொடுக்கிறவர் பெயர் டிஎச்சிபி. வீட்டில் அந்த வேலையையும் ரூட்டரே பார்க்கும். புதிதாக வந்த கருவி "இங்கே யாராவது முகவரி தருவீர்களா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கூவும். ரூட்டர் "இதை வைத்துக்கொள்கிறாயா?" என்னும். கருவி "சரி, அதையே கொடுங்கள்" என்னும். ரூட்டர் "எழுதிக்கொண்டேன், இத்தனை மணி நேரத்துக்கு உன்னுடையது" என்னும். டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக்னாலட்ஜ்: நான்கு படி. இதில் கவனிக்க வேண்டியது, கூவினால் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்பது. ஆச்சி வீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரங்கூன் கடிதம்

இரண்டாவது, மூன்றாவது வாரம் முழுக்க ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: நான் ஒரு தளத்தின் பெயரை அடித்ததிலிருந்து பக்கம் திறக்கும்வரை என்னென்ன நடக்கிறது? நேர்முகத் தேர்விலும் இதைத்தான் கேட்பார்கள்.

முதலில் பெயரை எண்ணாக மாற்ற வேண்டும், அது டிஎன்எஸ் வேலை. எண் கிடைத்ததும் உங்கள் கருவி மாஸ்கை வைத்து ஒரு கணக்குப் போடும்: இந்த எண் என் வீட்டுக்குள்ளா, வெளியிலா? வீட்டுக்குள் என்றால் நேராக அந்தக் கருவிக்கே கொடுக்கும். வெளியில் என்றால் கேட்வேயிடம், அதாவது ரூட்டரிடம் கொடுத்துவிடும். இந்த ஒரு முடிவுதான் நெட்வொர்க்கிங்கின் அடிமடி. இது புரியாமல் மேலே போகாதீர்கள். நான் போய்ப் பார்த்துவிட்டேன், பலனில்லை.

இரண்டில் எதுவானாலும், கொடுப்பதற்கு எதிராளியின் மேக் முகவரி தெரிய வேண்டும். "192.168.1.1 யாரப்பா?" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் விடும். அந்த ஐபிக்கு உரியவர் "நான்தான், என் மேக் இது" என்று பதில் சொல்வார். இதற்கு ஏஆர்பி என்று பெயர். கிடைத்த பதிலைக் கருவி ஒரு பட்டியலில் கொஞ்ச நேரம் குறித்துவைத்துக்கொள்ளும். ஏ, ஆர், பி என்று அடித்து, இடைவெளி விட்டு ஒரு கழித்தல் குறியும் ஏ என்ற எழுத்தும் சேர்த்தால் அந்தப் பட்டியலை நீங்களே பார்க்கலாம்.

அடுத்ததைக் கடிதத்தை வைத்து யோசியுங்கள். அந்தக் காலத்தில் காரைக்குடியிலிருந்து ரங்கூன் கடைக்கு ஒரு கடிதம். உள்ளே விஷயம், அதைச் சுற்றிக் கவர், கவர்மேல் ரங்கூன் விலாசம். தபால் ஆபீசில் அந்தக் கவரை ஒரு பையில் போட்டு, சென்னைக்கு என்று சீட்டுக் கட்டுவார்கள். சென்னையில் பையைப் பிரித்து, வேறு பையில் போட்டு, கப்பலுக்கு என்று வேறு சீட்டு. கவர்மேல் விலாசம் கடைசிவரை மாறவில்லை, பைச்சீட்டு ஒவ்வொரு இடத்திலும் மாறியது. கவர்மேல் இருப்பது ஐபி முகவரி, பைச்சீட்டு மேக் முகவரி. ஒவ்வொரு ரூட்டரும் பையைப் பிரித்து விலாசத்தைப் பார்த்து அடுத்த பையில் போடும் ஒரு தபால் ஆபீஸ். வீட்டு ரூட்டர் மட்டும் நாட் வேலைக்காக அனுப்புநர் விலாசத்தை மாற்றி எழுதும், அதைத் தவிர்த்துப் பார்த்தால் உவமை சரியாகவே நிற்கும்.

இது பிடிபட்ட பிறகு ஓஎஸ்ஐ பக்கம் வாருங்கள். 1984இல் தரநிலையாக வெளியான ஏழு அடுக்கு மாதிரி அது. கம்பி, வெளிச்சம், ரேடியோ அலை முதல் அடுக்கு. மேக் முகவரியும், ஒரு வீட்டுக் கருவிகளைக் கேபிளால் ஒன்றுசேர்க்கும் ஸ்விட்ச் என்ற பெட்டியும் இரண்டாவது. ஐபியும் ரூட்டரும் மூன்றாவது. டிசிபி, யுடிபி நான்காவது. ஐந்து, ஆறு தேர்வுக்காகத் தெரிந்தால் போதும். ஏழாவது பிரவுசரும் மெயிலும் பேசும் மொழிகள். டிசிபி என்பது ஒப்புகைச் சீட்டு வைத்து அனுப்பும் தபால், சேர்ந்ததா என்று பார்த்து, சேராவிட்டால் மறுபடி அனுப்பும். யுடிபி போட்டதோடு சரி. ஆச்சி பேரனோடு பேசும் வீடியோவுக்குப் பெரும்பாலும் யுடிபி, ஏனென்றால் இரண்டு வினாடி முந்தைய முகத்தை இப்போது மறுபடி அனுப்பி என்ன பிரயோஜனம்?

சப்நெட் கணக்கு

நூற்றுக்கு எண்பது பேர் இங்கேதான் புத்தகத்தை மூடுகிறார்கள் என்று சொன்னால் நான் கணக்கெடுத்தேனா என்று கேட்பீர்கள். கணக்கெடுக்கவில்லை, ஆனால் நானே இங்கே இரண்டு தடவை மூடினேன். காரணம், பைனரியை ஒரு பெரிய பூதமாக்கி வைத்திருக்கிறார்கள். எட்டு எண்ணை மட்டும் வரிசையாக எழுதத் தெரிந்தால் போதும்: 128, 64, 32, 16, 8, 4, 2, 1. 255 வரை எந்த எண்ணையும் இந்த எட்டில் சிலவற்றைக் கூட்டிச் சொல்லலாம். 192 என்றால் 128ம் 64ம். 77 என்றால் 64, 8, 4, 1. இருப்பதற்கு 1, இல்லாததற்கு 0 போட்டால் அதுதான் பைனரி: 77 என்பது 01001101.

இப்போது ஒரு நிஜ வேலை. பழைய வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் வைஃபை, அலுவலகம், கேமராக்கள், வேலையாட்களின் போன்கள் என்று நான்கு கூட்டம். விருந்தினரின் லேப்டாப்பிலிருந்து கேமராவை எட்டிப் பார்க்கக் கூடாது. கையில் இருப்பது 192.168.10.0, பின்னால் சாய்கோடு 24. சாய்கோடு 24 என்றால் 32 பிட்டில் முதல் 24 பிட் வீட்டுக்கு, மிச்சம் 8 பிட் புள்ளிகளுக்கு. 8 பிட்டில் 256 எண்கள்.

நான்காகப் பிரிக்க வேண்டும். இரண்டு பிட்டை வைத்து நான்கு விதமாக எழுதலாம், ஆகவே இரண்டு பிட்டைக் கடன் வாங்குகிறோம். 24 இப்போது 26 ஆகிறது. கடன் வாங்கிய இரண்டு பிட் 128ம் 64ம், கூட்டினால் 192, ஆகவே மாஸ்க் 255.255.255.192. 256இல் 192 போக 64. இந்த 64தான் தாண்டு. பாண்டி ஆட்டத்தில் கட்டம் கட்டமாகத் தாண்டுவது போல 64, 64ஆகத் தாண்டுங்கள்: 0, 64, 128, 192. நான்கு கட்டம், அதாவது நான்கு சப்நெட் வந்துவிட்டது.

ஒவ்வொரு கட்டத்திலும் முதல் எண் கட்டத்தின் பெயர், யாருக்கும் கொடுக்கக் கூடாது. கடைசி எண் எல்லாருக்கும் கூவுவதற்கான பிராட்காஸ்ட், அதையும் கொடுக்கக் கூடாது. 64இல் இரண்டு போக 62 கருவிகள். 192.168.10.77 எந்தக் கட்டம்? 64க்கும் 127க்கும் நடுவில். நெட்வொர்க் 64, பிராட்காஸ்ட் 127, கொடுக்கக்கூடியவை 65 முதல் 126 வரை. அவ்வளவுதான் கணக்கு.

உங்களுக்கு ஒன்று: 172.16.5.200, சாய்கோடு 27. நெட்வொர்க், பிராட்காஸ்ட், எத்தனை கருவிகள்? காகிதத்தில் போட்டுப் பாருங்கள், பதில் கடைசியில். இது போல ஒரு நாளைக்கு ஐந்து, கால்குலேட்டர் இல்லாமல், ஒரு மாதம். பஸ்ஸில் போகும்போது வண்டி எண்ணை வைத்தே போடலாம். ஒரு கணக்கு ஒரு நிமிடத்துக்குள் வரும்போது நிறுத்திக்கொள்ளலாம்.

முகவரியைப் பிரித்தால் மட்டும் போதாது, ஸ்விட்சிலும் பிரிக்க வேண்டும். ஒரே ஸ்விட்சுக்குள் தடுப்புச் சுவர் எழுப்புவதற்கு விலான் என்று பெயர். ஒரு விலானுக்கு ஒரு சப்நெட் என்று வைப்பது வழக்கம். ஒரு விலானிலிருந்து இன்னொன்றுக்குப் போக ரூட்டர் வேண்டும், யார் யாரிடம் போகலாம் என்று அந்த ரூட்டரில் விதி எழுதலாம். விருந்தினர் கேமராவைத் தொட முடியாமல் போவது இப்படித்தான்.

கை அழுக்காகட்டும்

படித்ததைச் செய்து பார்க்க சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்தால் பாக்கெட் ட்ரேசர் என்ற மென்பொருள் இலவசம். திரையிலேயே ஸ்விட்ச், ரூட்டர், கம்ப்யூட்டர் எல்லாம் இழுத்துப் போட்டு இணைக்கலாம். 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் ஓடும். முதல் நாள் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்விட்ச், இரண்டுக்கும் ஐபி, ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பிங், அதாவது "இருக்கிறாயா?" என்று கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. அடுத்த நாள் ஒரு ரூட்டரை நடுவில் வைத்து இரண்டு சப்நெட். கேட்வே போட மறந்து பாருங்கள், வேண்டுமென்றே மாஸ்கைத் தப்பாகப் போட்டுப் பாருங்கள். சரியாகச் செய்து கற்பதைவிடக் கெடுத்துக் கற்பது அதிகம். பிறகு மேலே சொன்ன விடுதியை நான்கு விலானோடு அப்படியே கட்டுங்கள்.

வயர்ஷார்க் என்று இன்னொரு இலவச மென்பொருள் உண்டு. உங்கள் கருவியில் வந்து போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும், அதாவது ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் காட்டும். டிஎச்சிபியின் நான்கு படிகளைக் கண்ணால் பார்த்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் தனி. உங்கள் சொந்த நெட்வொர்க்கில் மட்டும் செய்யுங்கள், அடுத்தவர் நெட்வொர்க்கில் அனுமதியில்லாமல் இந்த விளையாட்டு வேண்டாம்.

சில மீட்டர் கேட்-6 நெட்வொர்க் கேபிளும், அதன் முனையில் மாட்டும் ஆர்ஜே-45 கனெக்டர் பத்தும், மாட்டி அழுத்த ஒரு கிரிம்பிங் டூலும் வாங்குங்கள். பெரிய செலவில்லை. உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளை அடுக்கும் டி568பி நிற வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் ஒரே வரிசை. முதல் நான்கு கனெக்டர் வீணாகும், ஐந்தாவது பிடிக்கும். இந்த வகைக் கேபிள் ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரைதான். அதற்கு மேல் நடுவில் ஸ்விட்ச் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஃபைபர்.

ஒரு கருவிக்குள் எந்தச் சேவைக்கு வந்தது என்று சொல்வது போர்ட் எண். இந்த எண்களுக்கு மட்டும் மனப்பாடம் தவிர வழியில்லை. சீட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எஸ்எஸ்எச் 22, டெல்நெட் 23, எஸ்எம்டிபி 25, டிஎன்எஸ் 53, டிஎச்சிபி 67, 68, எச்டிடிபி 80, எச்டிடிபிஎஸ் 443, ரிமோட் டெஸ்க்டாப் 3389. இன்னும் ஒரு பத்துப் பதினைந்து உண்டு.

வைஃபையில் தெரிய வேண்டியது கொஞ்சம், ஆனால் நம் ஊரில் அது ரொம்ப வேலைக்கு வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், சுவரைக் கண்டால் துவண்டுவிடும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய நம் ஊர்ச் சுவர் எந்த அலைக்கும் எமன். 2.4இல் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வைஃபை பெட்டி வைத்தால் வேறு வேறு சேனலில் வையுங்கள்.

ஆச்சி வீட்டுக் கோளாறு

சரி, இப்போது மூன்றாங்கட்டுக்குப் போகலாம். முகப்பில் ஃபைபர் வந்து இறங்கும் ரூட்டர். சுவர் தாண்டி வைஃபை வரவில்லை என்று, விடுமுறைக்கு வந்த ஒரு சொந்தக்காரப் பையன் பழைய ரூட்டர் ஒன்றை மூன்றாங்கட்டில் வைத்து, முகப்பிலிருந்து கேபிள் இழுத்திருந்தான். ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்க ஆச்சி விடுவாரா? உத்தரத்தை ஒட்டியே சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்திருந்தான், எழுபது மீட்டர் இருக்கும். வேலை சுத்தம். கேபிளைக் குறை சொல்ல முடியாது.

கோளாறு தேடும்போது கீழிருந்து மேலே போவது என் வழக்கம். விளக்கு எரிகிறதா, எரிகிறது. ஐபி கிடைத்ததா, 192.168.1.5, நல்ல எண். கேட்வே 192.168.1.1, பிங் செய்தால் ஒரு மில்லிசெகண்டில் பதில். இணையத்தில் 8.8.8.8க்குப் பிங் செய்தால் பதிலே இல்லை. வீட்டுக்குள் எல்லாம் சரி, கோளாறு வெளியில், கம்பெனிக்காரன்தான் சரிசெய்ய வேண்டும் என்று முடிவு கட்டினேன். வளவைத் தாண்டி முகப்புக்கு வந்து பார்த்தால் அங்கே நெட் பறக்கிறது. திரும்பி உள்ளே போனால் இப்போது அங்கேயும் வருகிறது. கால் மணி நேரத்தில் மறுபடி இல்லை. ஆச்சி இரண்டாவது காபி கொடுத்துவிட்டு, "நீயும் அவனுக மாதிரியே போயிராதப்பா" என்றார்.

வருகிற நேரத்தில் ஒரு தடவை, வராத நேரத்தில் ஒரு தடவை ஏஆர்பி பட்டியலைப் பார்த்தேன். 192.168.1.1க்கு எதிரே இருந்த மேக் முகவரி வேறு வேறு. ஒரே விலாசத்தில் இரண்டு பேர்.

பழைய ரூட்டரின் சொந்த ஐபியும் 192.168.1.1, முகப்பு ரூட்டரின் ஐபியும் அதேதான். "192.168.1.1 யாரப்பா?" என்றால் இருவரும் "நான்தான்" என்கிறார்கள். முகப்பு ரூட்டர் சொன்னது பட்டியலில் ஏறினால் நெட் வரும். பழைய ரூட்டர் சொன்னது ஏறினால் பாக்கெட் அதனிடம் போகும், அதற்கோ வெளியே போக வழியே இல்லை. பிங்குக்கு மட்டும் மரியாதையாகப் பதில் சொல்லும். அதுதான் என்னை ஏமாற்றியது. போதாததற்கு இரண்டுமே டிஎச்சிபியில் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தன, ஒரே எண்ணை இரண்டு போன்களுக்குக் கொடுத்த நேரமும் இருந்திருக்கும்.

தீர்க்க ஐந்து நிமிடம். பழைய ரூட்டரின் ஐபியை 192.168.1.2 என்று மாற்றி, அதில் டிஎச்சிபியை நிறுத்தி, கேபிள் அதன் லான் போர்ட்டில்தான், அதாவது வீட்டுக் கருவிகளுக்கான துளையில்தான் இருக்கிறதா என்று பார்த்து, சேனலை 1இலிருந்து 11க்கு மாற்றினேன். இப்போது அது ரூட்டர் வேலை பார்க்கவில்லை, வைஃபை மட்டும் கொடுக்கும் வெறும் ஆக்சஸ் பாயின்ட். முகப்பு ரூட்டர் கொடுக்கும் எண்கள் 100இலிருந்து தொடங்கும்படி அமைத்தேன், 2 என்ற எண் வேறு யாருக்கும் போய்விடக் கூடாதே.

தேர்வில் இதே மாதிரி கதை சொல்லி, "ஃபர்ஸ்ட்" என்ன செய்வாய், "மோஸ்ட் லைக்லி" காரணம் என்ன, "பெஸ்ட்" தீர்வு எது என்று கேட்பார்கள். நான்கு விடையும் சரியாகத்தான் தெரியும். அந்த ஆங்கிலச் சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டு படியுங்கள். நெட்வொர்க் பிளஸில் கோளாறு தேடும் பகுதிக்கு மட்டும் 24 சதவீதம், மற்ற எந்தப் பகுதியையும்விட அதிகம். சிசிஎன்ஏவில் ரூட்டிங் தொடர்பான ஐபி கனெக்டிவிட்டிக்கு 25.

தேர்வுக்குப் பதிவு

மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து நூற்றுக்கு 85 வந்தால் தேதி குறியுங்கள். இரண்டு நிறுவனத் தேர்வும் பியர்சன் வியூ வழியாக நடக்கிறது. மையத்துக்குப் போய் எழுதலாம், வீட்டிலிருந்தும் எழுதலாம். நான் இரண்டாவது தடவை மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் எழுதினேன். வீட்டில் எழுதுவதானால் அறையில் வேறு யாரும் வரக் கூடாது, மேசைமேல் எதுவும் இருக்கக் கூடாது, கரண்டும் நெட்டும் நிற்கக் கூடாது. கூட்டுக் குடும்பத்தில் இந்த மூன்றையும் இரண்டு மணி நேரம் உறுதி செய்வதைவிட மதுரை பக்கம்.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். பதிவில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கு இனிஷியல்தான், சிலருக்கு மூன்று நான்கு. ஒரு அட்டையில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால். தேர்வுக்குக் கொண்டுபோகும் அட்டையில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிவு செய்யுங்கள், எந்த அட்டை செல்லும் என்பதையும் பணம் கட்டும் முன்னாலேயே படித்துவிடுங்கள். சிசிஎன்ஏ கட்டணம் 300 டாலர், மேலே வரி. பெயர் பொருந்தாமல் வாசலில் திருப்பி அனுப்பினால் அந்தப் பணமும் போகும்.

உள்ளே உட்கார்ந்ததும் கொடுக்கும் எழுதுபலகையில் 128 முதல் 1 வரையும், தாண்டு எண்களையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நெட்வொர்க் பிளஸில் செய்து காட்டும் கேள்விகள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வரும், அவற்றைக் குறித்து வைத்துவிட்டுக் கடைசியில் திரும்பி வரலாம். சிசிஎன்ஏவில் அந்த வசதி இல்லை. அடுத்த கேள்விக்குப் போனால் முந்தையதற்குத் திரும்ப முடியாது.

மேலே விட்ட கணக்கு: சாய்கோடு 27 என்றால் கடன் வாங்கியது 128, 64, 32, கூட்டினால் 224. 256இல் 224 போக 32, அதுதான் தாண்டு. 0, 32, 64, 96, 128, 160, 192, 224. 200 இருப்பது 192 கட்டத்தில். நெட்வொர்க் 172.16.5.192, பிராட்காஸ்ட் 172.16.5.223, நடுவில் 30 கருவிகள். 31 என்று எழுதியவர்கள் பிராட்காஸ்டைக் கழிக்க மறந்திருக்கிறீர்கள்.